பிளக்கை உருவுகிற மச்சான்

எட்டாம் வகுப்பில் பாதியோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். விட்ட பிறகு என்னென்ன செய்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு தகரக் கொட்டகையில் லாரி பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற ஆரம்பித்து, அதே இடத்தில் மாடி வைத்துக் கடை கட்டினேன். இன்வெர்ட்டர் என்றால் ஏதோ வயிற்று மருந்து என்று கடலூர்க்காரர்கள் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில் வீடு வீடாகப் போய் இன்வெர்ட்டர் மாட்டினேன். உப்புக் காற்றில் ஒரு மாதம் தாங்காது என்று சிரித்தவர்கள் முன்னால் துறைமுகத்துப் படகுகளுக்கு பேட்டரி விளக்கு போட்டேன். சிரித்தவர்கள் பிறகு என்னிடமே வந்து போட்டுக்கொண்டார்கள். மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தை ஜெனரேட்டர் இல்லாமல் ஒரு முகூர்த்தம் முழுக்க பேட்டரியில் ஓட்டினேன். மீனுக்கு வலை வீசத் தெரியாத நான் பரங்கிப்பேட்டைப் பக்கம் உப்பங்கழி ஓரமாக இறால் குட்டை போட்டேன். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு சீட்டுக்கட்டு அகலமே இருந்த கம்ப்யூட்டரை, ஷாம்பு பாக்கெட் மாதிரி இருந்த லித்தியம் பேட்டரியில் நிற்காமல் ஓட வைத்தேன்.

கடைசி வரியில் ஒரு திருத்தம். ஓட வைத்தேன் இல்லை, ஓட வைத்தோம். இன்னொருவன் இருந்தான். அடுத்தவன் பங்கை மறைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவன் என் மனைவியின் தம்பி. சிதம்பரத்தில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் எலக்ட்ரானிக்ஸ் பாடம் எடுத்துக்கொண்டிருந்தான். பெயரை எழுதவில்லையே என்று கேட்காதீர்கள். கல்யாணமான நாளிலிருந்து நான் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, மச்சான்தான். பெயரை எழுதிப் பார்த்தால் யாரோ வேறு ஆள் மாதிரி இருக்கிறது.

ஒல்லியான உடம்பு. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர். யார் வீட்டுக்குப் போனாலும் வாசற்படியைத் தாண்டியதும் மனிதர்களைப் பார்க்க மாட்டான், சுவரைப் பார்ப்பான். பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறது, அதில் என்ன சொருகியிருக்கிறது, ஒயர் எந்தப் பக்கம் போகிறது. அதற்கப்புறம்தான் "நல்லாருக்கீங்களா?" நாம் பதில் சொல்லி முடிப்பதற்குள் ஏதாவது ஒன்றை உருவியிருப்பான். அது நின்றுபோனால் ஒரு சிரிப்பு. நிற்காமல் ஓடினால் அதைவிடப் பெரிய சிரிப்பு. சிரித்த கையோடு மறுபடி சொருகிவிடுவான்.

"சொருகியிருந்தா எல்லாந்தான் ஓடும் மாமா. உருவுனாத்தான் அதோட யோக்கியத தெரியும்" என்பான்.

என் மனைவிக்கு இதில் பெருமையும் உண்டு, பயமும் உண்டு. "இவன ஆசுபத்திரி பக்கம் மட்டும் கூட்டிக்கினு போயிடாதீங்க. யாருக்காச்சும் மூச்சு ஓடிக்கினு இருக்கும், இவன் போயி உருவிடப் போறான்" என்பாள்.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம் என்று நினைக்கிறேன். நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு ரைஸ் மில்காரர் கடைக்கு வந்திருந்தார். இன்வெர்ட்டரில் ஒரு ஃபேனையும் டிவியையும் ஓட விட்டு, கரண்ட் போனால்கூட இதெல்லாம் இப்படியே ஓடும் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் வாங்குகிற களை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மச்சான் உள்ளே வந்தான். சுவரைப் பார்த்தான். இன்வெர்ட்டர் பிளக்கை உருவினான்.

டிவி இருண்டது. ஃபேன் மூன்று சுற்று சுற்றி நின்றது.

"என்னாங்க, கரண்டு போனா ஓடும்னீங்க?" என்றார் மில்காரர்.

"ஓடும்ங்க, ஓடும். ஏன்டா மச்சான் உருவுன?"

"உருவாம எப்படி மாமா தெரியும்? இவுரு வூட்டுல போயி நின்னாத்தான் தெரியணுமா?"

எனக்கு வந்த கோபத்தில் அவனை பேட்டரி மேலேயே உட்கார வைத்திருப்பேன். குனிந்து பார்த்தால் டெர்மினலில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது, கிளாம்பும் லூசு. சுரண்டித் துடைத்து முடுக்கினேன். பிறகு நானே உருவினேன். டிவியில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். கரண்ட் போனது தெரியாமல் அழுதுகொண்டே இருந்தாள். மில்காரர் கைகொட்டிச் சிரித்துவிட்டு, "ஒங்க மச்சான் உருவுனதுக்காகவே வாங்கறன்" என்று வாங்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து எந்த வாடிக்கையாளர் வந்தாலும் அவர் கையாலேயே பிளக்கை உருவ வைத்துக் காட்டித்தான் விற்பேன். கடலூரில் இப்போது பல கடைகளில் இப்படிச் செய்கிறார்கள். ஆரம்பித்தது என் கடை. எனக்குச் சொல்லிக்கொடுத்தது மச்சான். பாருங்கள், மறைக்கவில்லை.

அவனுடைய கல்யாண ரிசப்ஷன் சிதம்பரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. விளக்கு ஏற்பாடு முழுக்க என்னுடையது. மாப்பிள்ளையாகக் கோட்டு சூட்டு போட்டுப் பெண் பக்கத்தில் நிற்கிறான். வரிசையில் வருகிறவர்கள் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள், இவன் கண் மட்டும் மேடைக்குப் பின்னால் இருந்த சுவிட்ச் போர்டில். நான் தூரத்திலிருந்தே தலையை ஆட்டினேன், வேண்டாம்டா என்று. அவனும் தலையை ஆட்டினான், சரி என்கிற மாதிரி. கொஞ்ச நேரத்தில் மேடையில் ஆள் இல்லை. பெண் மட்டும் தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

மண்டபத்தின் பாதி விளக்கு அணைந்தது. மேடை விளக்கு, மைக், சாப்பாட்டுக் கூடம், மூன்றும் அணையவில்லை. அது மூன்றையும் நான் பேட்டரியில் போட்டிருந்தேன். வீடியோக்காரர் லைட்தான் போயிற்று.

"யாருய்யா அது, மெயின்ல கை வெக்கறது?" என்று அவர் கத்தினார்.

"மாப்பிள்ளைங்க" என்றாள் பெண்.

"எந்த மாப்பிள்ள?"

"எனக்கு ஒருத்தர்தாங்க."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மச்சான் பின்பக்கத்திலிருந்து டையைச் சரிசெய்துகொண்டு வந்து, நேராக என்னிடம் நின்று, "மாமா, தாங்கிடுச்சு!" என்றான். அத்தனை பேர் வாழ்த்தியபோதுகூட அவன் முகம் அப்படி மலரவில்லை. இப்போது நினைத்தாலும் அது எனக்குக் கிடைத்த பட்டம்தான்.

இனி குட்டைக்கு வருகிறேன். இறாலுக்குத் தண்ணீர் மட்டும் போதாது, தண்ணீருக்குள் காற்று கரைந்திருக்க வேண்டும். அதற்காகக் குட்டையில் துடுப்பு வைத்த சக்கரம் சுற்றி, தண்ணீரை அடித்துக்கொண்டே இருக்கும். ஏரேட்டர் என்பார்கள். வெயில் இல்லாத மந்தார நாளில் அது நின்றால் இறால் ஓரத்துக்கு வந்து மேலே மிதக்கும். அப்புறமும் சக்கரம் சுற்றவில்லை என்றால் கதை முடிந்தது. என் முதல் வளர்ப்பு அப்படித்தான் முடிந்தது. கரண்ட் போயிருக்கிறது, காவல்காரர் டீ குடிக்கப் போயிருக்கிறார், ஜெனரேட்டரைத் தட்டிவிட ஆள் இல்லை. நான் போய்ப் பார்த்தபோது கரை நெடுக வெளுத்துப்போய் ஒதுங்கிக் கிடந்தது. என் மனைவி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். சேதி கேட்டு மச்சானும் வந்தான். குட்டையோரக் கொட்டகைக்குள் போனான், சுவரைப் பார்த்தான், அன்றைக்கு எதையும் உருவவில்லை.

இரண்டாவது வளர்ப்புக்குக் கடையையே ஈடு வைத்திருந்தேன். இதுவும் செத்தால் குட்டை போகும், மாடி வைத்த கடை போகும், நான் மறுபடி தகரக் கொட்டகைக்குப் போக வேண்டியதுதான். அந்த வயதில் திரும்பத் தொடங்குகிற தெம்பு எனக்கு இருந்திருக்கும், அது வேறு விஷயம். என் மனைவிக்கு இருந்திருக்காது.

அது எந்த வருஷம் தெரியுமா? முந்தின வருஷக் கடைசியில் அடித்த புயலால் கடலூரே இருட்டில் கிடந்து, செல்போனுக்கு சார்ஜ் போட ஜனங்கள் என் கடை வாசலில் வரிசை கட்டி நின்ற அதே வருஷம், இரண்டாயிரத்துப் பன்னிரண்டு. புயல் சரியான பிறகும் கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில்தான் மச்சான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குள் ஓடி வந்தான். சுவரைக்கூடப் பார்க்கவில்லை. பையிலிருந்து ஒரு பச்சைப் பலகையை எடுத்து மேஜை மேல் வைத்தான்.

"மாமா, இது முழு கம்ப்யூட்டரு."

"மூடி எங்க? டிவி எங்க?"

"ஒண்ணும் வேணாம். இத நம்ம கொட்டாயில வெக்கறன். ஏரேட்டர் லைன்லேர்ந்து இதுக்கு ஒரு ஒயரு. சக்கரம் நின்னு, ஜெனரேட்டரும் ஓடலன்னா, ஒங்க போனுக்கும் என் போனுக்கும் இது மெசேஜ் அனுப்பும்."

"கரண்டு போனா இதுவும்தானடா நின்னுடும்?"

அவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "அதுக்குத்தான் ஒங்ககிட்ட வந்தன்" என்றான். அடுத்த பையிலிருந்து வெள்ளி உறை போட்ட தட்டையான லித்தியம் செல் ஒன்றை எடுத்தான். தூக்கிப் பார்த்தேன், எடையே இல்லை. நான் பேட்டரி என்றால் இடுப்பு ஒடியத் தூக்கிப் பழகியவன். இதற்குள் கரண்ட் இருக்கிறது என்றால் எப்படி நம்புவது? மீட்டர் வைத்தேன். இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது, சொன்னால் நம்புங்கள்.

"போர்டுக்கு அஞ்சு வோல்ட்டு வேணும் மாமா. செல்லு குடுக்கறது மூணே முக்கா."

"ரெண்டு செல்ல வரிசையா கட்டு. ஏழர வருமே."

"ஏழர வந்தா போர்டுக்கும் ஏழர, நமக்கும் ஏழர."

அதற்கென்று கட்டைவிரல் நகம் அளவில் ஒரு சர்க்யூட் வைத்திருந்தான். மூணே முக்காலை ஐந்தாக ஏற்றிக் கொடுக்குமாம். அதற்கு பதிலாக செல்லிலிருந்து கரண்டை ஜாஸ்தி இழுத்துக்கொள்ளுமாம். மாட்டிக் காட்டினான். போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது, பச்சை விளக்கு கண் சிமிட்டியது. ஈயமும் இல்லை, ஆசிடும் இல்லை, ஒரு கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டது. நானும் அவனும் பொங்கலுக்குக் கத்துகிற மாதிரி கத்தினோம். மாடியிலிருந்து என் மனைவி என்னமோ ஏதோ என்று இறங்கி வந்துவிட்டாள்.

சந்தோஷம் அவன் உருவுகிற வரைக்கும்தான். கரண்ட் இருக்கும்போது போர்டு கரண்டில் ஓட வேண்டும், போனால் பேட்டரிக்கு மாற வேண்டும் என்று ஒரு ரிலே வைத்திருந்தான். உருவினான். டிக் என்று ஒரு சத்தம். பேட்டரிக்கு மாறிவிட்டது. ஆனால் அந்த மாறுகிற இடைவெளியில் போர்டு அணைந்து, முதலிலிருந்து ஆரம்பித்தது. நமக்குக் கண் இமைக்கிற நேரம்கூட இல்லை. அந்தப் பலகைக்கு அது செத்துப் பிழைக்கிற நேரம். ஞாயிறு ஞாயிறாக வந்து ரிலேயை மாற்றினான், அதை மாற்றினான், இதை மாற்றினான். ஒவ்வொரு தடவையும் உருவுவான், டிக், அணையும். குட்டையில் இறால் விரல் நீளம் வளர்ந்துவிட்டது.

ஒரு நாள் நான் கேட்டேன். "மச்சான், கார்ல ஹாரன் அடிக்குதே, அதுக்கு யாரு கரண்டு குடுக்கறா?"

"பேட்டரி."

"வண்டி ஓடிக்கினு இருக்கறப்ப?"

"டைனமோ குடுக்குது. பேட்டரியும் கூடவே இருக்குது."

"ஆள மாத்துறதுக்கு நடுவுல ரிலே இருக்குதா? பேட்டரிய எப்பவாச்சும் கழட்டறானா? டைனமோ பேட்டரிக்கு சோறு போடுது. பேட்டரி எல்லாருக்கும் போடுது. நீ எதுக்குடா பந்தி நடுவுல பரிமாறுறவன மாத்திக்கினே இருக்கற? ஒன் கம்ப்யூட்டரு எப்பவும் பேட்டரிலயே ஓடட்டும். கரண்டு வந்தா பேட்டரிக்கு மட்டும் சோறு போடட்டும். போனா போவட்டும், கம்ப்யூட்டருக்குத் தெரியவே வேணாம்."

அவன் தலையைச் சொறிந்தான். "சார்ஜரு கொழம்பிடும் மாமா. ஒரு பக்கம் ஊத்த ஊத்த இன்னொரு பக்கம் ஒழுவுனா, எப்ப ரொம்புச்சின்னு அதுக்குத் தெரியாது."

"அது ஒன் வேல. நான் சொன்னது என் வேல."

அன்றைக்கே ரிலேயைப் பிடுங்கி எறிந்தோம். உருவினான். பச்சை விளக்கு தன்பாட்டுக்குக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. சொருகினான், உருவினான், சொருகினான், உருவினான். நாள் முழுக்க உருவிக்கொண்டே இருந்தான். சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை.

லித்தியத்தின் குணமும் சீக்கிரமே தெரிந்தது. பேட்டரிக் கடையில் எங்கள் வழக்கம் என்னவென்றால், சார்ஜில் போட்டதை வாடிக்கையாளர் வந்து கேட்கிற வரைக்கும் எடுக்க மாட்டோம். லாரி பேட்டரி நிறைந்த பிறகும் கொஞ்சம் கொதித்துக்கொண்டு சமாளித்துக்கொள்ளும். ஒரு செல்லை அதே மாதிரி லைனில் மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் பூரி மாதிரி உப்பிக்கொண்டிருக்கிறது. மச்சான் பாய்ந்து ஒயரைக் கழற்றி, இடுக்கியால் தூக்கிப் போய் மணல் வாளியில் போட்டான்.

"இது ஒங்க லாரி பேட்டரி இல்ல மாமா. இதுக்குப் போதும்னு சொல்லத் தெரியாது. நாமதான் நிறுத்தணும்" என்றான்.

நிறைந்ததும் தானாக நிறுத்தி, இறங்கியதும் மறுபடி ஊற்றுகிற சர்க்யூட் ஒன்றை அவன் அதற்கப்புறம்தான் செய்தான். ரொம்பவும் இறங்கிவிடாமல் தடுக்கவும் அதிலேயே வழி வைத்தான். அந்தப் பங்கு முழுக்க அவனுடையது, எனக்கு அதில் ஒரு ஸ்க்ரூகூடக் கிடையாது.

ஆனால் ஒயர் என்னுடையது. மெசேஜ் அனுப்புகிற மோடத்தை மாட்டியதும் புது வியாதி வந்தது. மெசேஜ் கிளம்புகிற நொடியில் போர்டு மயங்கி விழுந்தது. வாயைத் திறந்து பேச வேண்டிய நேரத்தில் மயக்கம்! மச்சான் புரோகிராமைத் திட்டிக்கொண்டிருந்தான். நான் ஒயரைப் பார்த்தேன். தலைமுடி மாதிரி ஒயர், அதுவும் ஒரு முழ நீளம். செல்ஃப் எடுக்கும்போது காரில் ஹெட்லைட் ஏன் மங்குகிறது? ஒரே நேரத்தில் இழுக்கிற இழுப்பு தாங்காமல்தான். ஹாரன் ஒயரை நாலு விரல் நீளத்துக்கு வெட்டி, இரண்டு முனையிலும் நானே ஈயம் வைத்தேன். மெசேஜ் போயிற்று. என் போன் கூவியது, அவன் போன் கூவியது. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டே ஒருவருக்கொருவர் போனைக் காட்டிக்கொண்டோம்.

கடைசிச் சண்டை செல்லுக்கு. "நாலு செல்லு பக்கம் பக்கமா கட்டுனா போதும். எந்தக் கரண்டு கட்டுக்கும் அது தாங்கும்" என்றான்.

"தாங்கலன்னா?"

"கணக்குப் போட்டுட்டன் மாமா. தாங்கும்."

"நீ உருவுற. அடுத்த நிமிஷம் சொருகிடுற. உருவிட்டு அப்படியே வுட்டுட்டுப் போயிருக்கியா, ஒரு நாளாச்சும்?"

நான் மூன்று மடங்கு வைத்தேன். பேட்டரி விற்கிறவனுக்கு ஒன்று தெரியும்: நாலு மணி நேரம் போதும் என்று வாங்கிப் போகிறவன்தான் ஐந்தாவது மணி நேரத்தில் போன் போட்டுத் திட்டுவான். பெட்டி பெருத்துவிட்டது. "டிபன் பாக்ஸ் கேட்டா அண்டாவ தூக்கிக்கினு வரீங்க" என்று கேலி செய்துகொண்டே கொண்டுபோய் மாட்டினான்.

கொட்டகையில் இருந்தது ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதில் நம்முடைய பெட்டி. காவல்காரரிடம் நான் ஆயிரம் சொல்லியிருந்தேன், சக்கரத்தைப் பார், ஜெனரேட்டரைப் பார், டீசலைப் பார் என்று. பிளக்கைப் பற்றிச் சொல்லத் தோன்றவில்லை. ஆயுத பூஜை வந்தது. முதல் நாள் சாயந்திரமே அவர் ஜெனரேட்டரைக் கழுவி, ஏரேட்டர் ஸ்டார்ட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, நம் பெட்டிக்கும் பெரிய பொட்டாக வைத்து, மாலை போட்டிருக்கிறார். அழகுக்கு சீரியல் லைட் வாங்கி வந்திருக்கிறார். சொருக இடம்? ஒரே இடம்தான். பெட்டியின் பிளக்கை உருவி, அங்கே சீரியல் லைட்டைச் சொருகிவிட்டார். பெட்டியில் பச்சை விளக்கு அணையவில்லை, அதனால் அவருக்கும் சந்தேகம் வரவில்லை.

பூஜை அன்று கடலூரில் வானம் மூடிக்கொண்டிருந்தது. கடை வாசலில் பூசணிக்காய் உடைக்கப் போகிற நேரம், மத்தியானம் தாண்டிவிட்டது. போன் கூவியது. எடுத்துப் பார்த்தேன். பெட்டி அனுப்பியிருக்கிறது. சக்கரம் நின்றுவிட்டது, ஜெனரேட்டரும் ஓடவில்லை. காவல்காரருக்குப் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மச்சானுக்குப் போட்டேன்.

"வண்டில போயிக்கினு இருக்கன் மாமா! வெச்சிடுங்க!" என்று காற்றுச் சத்தத்தோடு கத்தினான்.

நான் பூசணிக்காயை அப்படியே போட்டுவிட்டுக் காரை எடுத்தேன். என் மனைவி கேட்காமலே ஏறி உட்கார்ந்தாள். ஆலப்பாக்கம் தாண்டினோம், புதுச்சத்திரம் தாண்டினோம், முட்லூரில் திரும்பினோம். மரக்கிளை ஒன்று லைன் மேல் விழுந்து கிடந்ததை வழியில் பார்த்தோம். அந்தப் பக்கம் முழுக்கக் கரண்ட் இல்லை. மந்தாரம், காற்று கிடையாது, தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும்.

வரப்பில் ஏறும்போதே சத்தம் கேட்டது. ஜெனரேட்டர்! சக்கரம் தண்ணீரை வெள்ளை வெள்ளையாக அடித்துக்கொண்டிருந்தது. ஓரத்துக்கு வந்த இறால் மறுபடி உள்ளே போய்க்கொண்டிருந்தது, நான் என் கண்ணால் பார்த்தேன். என் மனைவி காரைவிட்டு இறங்கி நின்று வாய்விட்டு அழுதாள். பொரி, கடலையைப் பக்கத்துக் குட்டைகளுக்கு விநியோகம் பண்ணப் போயிருந்த காவல்காரர் அப்போதுதான் தூக்குச்சட்டியோடு வந்து சேர்ந்தார்.

"பூஜையன்னிக்கு கரண்டு நிறுத்த மாட்டாங்கன்னு நெனச்சங்க" என்றார்.

கொட்டகைக்குள்ளிருந்து மச்சான் வந்தான். முகம் வெளுத்திருந்தது. கையில் நம் பெட்டியின் பிளக், சுவரில் எங்கேயும் சொருகாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"மாமா, சத்தியமா நான் உருவல!"

யார் உருவினார், எப்போது உருவினார் என்று விசாரித்தோம். முதல் நாள் சாயந்திரம் என்றதும் மச்சான் அங்கேயே உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினான். அவன் கணக்குப்படி நாலு செல் என்றால் பெட்டி அன்று காலையிலேயே அணைந்திருக்கும். சக்கரம் நின்றபோது பேச வாய் இருந்திருக்காது. எண்ணி முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"அண்டா தாங்கிடுச்சு மாமா" என்றான்.

என் மனைவி அழுகையை நிறுத்தி, தம்பி தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். எனக்கும் ஒரு தட்டு விழுந்தது, எதற்கென்று தெரியவில்லை. அந்த வளர்ப்பு கரையேறியது. கடை என்னிடமே இருக்கிறது.

அந்த வருஷம் முடிவதற்குள் அவனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு போனான். முதலில் வாராவாரம் போன், பிறகு பண்டிகைக்குப் பண்டிகை. அக்காவிடம் பேசிவிட்டு வைத்துவிடுவான். அதில் எனக்கு வருத்தமில்லை, வேலை அப்படி.

சமீபத்தில் லால்பேட்டையிலிருந்து ஒரு பாய் கடைக்கு வந்தார். புதிதாக இறால் பண்ணை வைத்திருக்கிறாராம். போனை நீட்டினார்.

"இது மாதிரி ஒண்ணு செஞ்சு தருவீங்களாண்ணே? யாரோ நம்மூர்க்காரரு வெளிநாட்டுலேர்ந்து போட்டுருக்காரு."

பார்த்தேன். நம் பெட்டி! மூடியைத் திறந்து எடுத்த படம். பச்சைப் பலகை, வெள்ளி உறை செல்கள், தடித்த ஒயர், எல்லாம் தெரிகிறது. பாய் இங்கிலீஷைப் படித்துப் படித்து அர்த்தம் சொன்னார். சொந்த ஊரில் ஒரு குட்டைக்காக வடிவமைத்தது என்று போட்டிருக்கிறதாம். கம்ப்யூட்டர் எப்போதும் பேட்டரியில்தான் ஓட வேண்டும் என்று போட்டிருக்கிறதாம். ஒயர் தடிமனாக, குட்டையாக இருக்க வேண்டுமாம். கணக்குக்கு வருவதைப்போல மூன்று மடங்கு செல் வைக்க வேண்டுமாம்.

"மாமான்னு எங்கயாச்சும் போட்டுருக்குதா பாருங்க பாய்."

மேலே தள்ளினார், கீழே தள்ளினார். "இல்லியேண்ணே."

படத்தில் பெட்டியின் மூடியை ஒரு கை பிடித்துக்கொண்டிருந்தது. பெருவிரலில் ஆசிட் பட்டு வெளுத்த தழும்பு, நகம் ஒரு பக்கமாகக் கோணியிருக்கிறது. நான் என் கையை எடுத்து அந்தப் போனுக்குப் பக்கத்தில் வைத்தேன். பாய் படத்தைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"யா அல்லாஹ், இது ஒங்க கையில்ல?" என்றார்.

மச்சான், உனக்குத்தான் சொல்கிறேன். உன் பங்கில் நான் ஒன்றையும் விடவில்லை, மேலே போய்ப் படித்துப் பார். வோல்ட் ஏற்றுகிறதை நீ கொண்டுவந்தாய், போதும் என்று சொல்லத் தெரியாத செல்லுக்குச் சொல்லிக்கொடுத்தது நீ, மெசேஜ் அனுப்ப வைத்தது நீ. பைக்கை விரட்டிக்கொண்டு போய் ஜெனரேட்டரைத் தட்டியதும் நீதான். மற்றது யார் என்று உனக்குத் தெரியும். அந்தப் படத்திலிருந்து கையை வெட்டாமல் விட்டிருக்கிறாய், சந்தோஷம். அது யாருடைய கை என்று படத்துக்குக் கீழே எழுது, முழுப் பெயராக எழுது. இங்கிலீஷிலேயே எழுது. படித்துச் சொல்ல இங்கே பாய் இருக்கிறார்.